ஓலை வாசித்தபோது நான் ஏன் எழுந்தேன்

தம்பி, இதைச் சொல்கிறவன் உன் அப்பா நான். எழுதுகிறவள் உன் அக்கா சாந்தி. எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குப் புதிதில்லை. கைநாட்டு வைத்தே காலம் போய்விட்டது. நான் பேச்சாகச் சொல்லச் சொல்ல, இவள் அதை எழுத்தாக்கிப் போடுகிறாள். இது உனக்கு மட்டும் என்று நினைத்து மடித்து வைத்துவிடாதே. மருமகள் ரூத்துக்கும் அவள் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. நீ என்னைப் பற்றிச் சொன்னது நூறு பேர் முன்னால். நான் உனக்குச் சொல்லப்போவதும் நாலு பேர் காதில் விழுந்தால்தான் சரியாக இருக்கும்.

உன் கல்யாண வீடியோ போன வாரம் வந்தது. விருந்தில் நீ எழுந்து ஆங்கிலத்தில் ஏதோ பேசினாய். அன்றைக்கு நானும் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். எதற்கு என்று தெரியாமலே நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அக்கா போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். எழுத்தறியாத என் அப்பா, முதல் முறையாக விமானம் ஏறி வந்தவர், பல நூறு வருஷத்துப் பழைய இந்த மாதா கோயிலில், கல்யாண அறிவிப்பில் எங்கள் பெயரை வாசித்தபோது யாரும் சொல்லாமலே எழுந்து நின்று, கைகூப்பி எங்களை ஆசீர்வதித்தார் என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்த இடத்திலிருந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

அக்கா போனை அணைத்தாள். அடுப்பங்கரைக்குப் போனாள். திரும்பி வந்து என் முன்னால் நின்றாள். "அப்பா, ஓலை வாசிக்கிறப்ப நீங்க எழுந்தா எதுக்கு எழுவீங்கன்னு தம்பிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நெஜத்த சொல்லுங்க. ஆசீர்வாதம் பண்ணவா எழுந்தீங்க?"

மூன்று நாளை அப்படியே கடத்தினேன். சாப்பிட்டேன், தூங்கினேன், வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற மோட்டார் சைக்கிளை எண்ணினேன். நாலாம் நாள் தாளும் பேனாவும் எடுத்து வரச் சொன்னேன். அவளுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது.

நீ குடியேறிய அந்த வெள்ளைக்காரர் ஊரை இப்போது கண்ணை மூடிக்கொண்டும் நடந்து காட்டுவேன். சனிக்கிழமை சந்தை கூடும் அந்தச் சதுக்கம், கோடு போட்ட துணிக்கூரைக் கடைகள், பூச்செடி விற்கிறவன் கூவுகிற கூச்சல், அதற்குப் பின்னால் அந்தக் கற்கோயில். கோபுரத்தில் நம்மூர் மாதிரி பொம்மையும் வண்ணமும் இல்லை. சதுரமாக, மழையில் ஊறிய யானைத்தோல் நிறத்தில், சும்மா நின்றது. வந்த நாளிலிருந்து என்னை எங்கெங்கோ கூட்டிப்போனாய். எனக்கு மனதில் நின்றது அந்தக் கோயில் ஒன்றுதான். அது நல்ல காரணத்துக்காக இல்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சனிக்கிழமை சுற்றிப் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? நீ, நான், ரூத்தின் அப்பா டாம். அவரும் என் வயதுக்காரர், முப்பது வருஷம் லோரி ஓட்டியவர் என்று நீ சொன்னதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கோயில் வாசலில் நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். "அப்பா, இங்க கழட்ட வேணாம், போட்டுக்கிட்டே போலாம்" என்றாய். "சாமி இருக்கிற எடத்துல சப்பாத்தோட எப்படிடா?" என்றேன். அவர் உன்னிடம் ஏதோ கேட்டார். நீ சொன்னாய். உடனே அவரும் கல்பெஞ்சில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். வலது காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அதை எனக்கு ஆட்டிக் காட்டிச் சிரித்தார். அந்தக் குளிரில், அந்தக் கல்தரையில், இரண்டு கிழவர்கள் காலுறையோடு நடந்தோம். தரையிலேயே சமாதிக் கற்கள் பதித்திருந்தன. எழுத்தெல்லாம் மிதிபட்டுத் தேய்ந்திருந்தது. கீழே ஆள் படுத்திருக்கிறது என்று நீ சொன்னதும் நான் காலை வைக்கவில்லை, சுற்றிப் போனேன். பிறந்ததிலிருந்து அந்தக் கல்லின்மேல் நடந்து பழகிய அந்த மனிதரும் எனக்காகச் சுற்றி நடந்தார். அவரை நினைத்தால்தான் எனக்கு இப்போது சோறு இறங்கவில்லை.

பெஞ்சுகளுக்கு நடுவே நின்று நீதான் சொன்னாய். ரூத்தின் அம்மாவுக்கு, பாட்டிக்கு, அவளுடைய அம்மாவுக்கு, எல்லோருக்கும் இந்த இடத்தில்தான் பெயர் வாசித்தார்களாம். "நாளைக்கு எங்களுக்கு மூணாவது வாசிப்புப்பா. ரெண்டு ஞாயிறு முடிஞ்சிருச்சு. யாருக்காச்சும் தடை இருந்தா எழுந்து சொல்லுங்கன்னு கேப்பாங்க. யாரும் சொல்ல மாட்டாங்க. சும்மா ஒரு வழக்கம்லா" என்றாய். நான் தலையாட்டினேன். கிழவனுக்குப் புரிந்ததோ இல்லையோ என்று நீ இரண்டாம் முறையும் சொன்னாய். தேவையே இல்லை தம்பி. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அதை ஓலை வாசிப்பது என்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறேன்.

நம் பழைய தோட்டம் இருந்த சுங்கை ஆயர் தாவாரில், தகரக் கூரை போட்ட சின்ன மாதா கோயிலில். அப்போது நீ தஞ்சோங் காராங்கில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. அந்தோணியை உனக்கு நினைவிருக்கும். எண்ணெய் ஆலைப் பட்டறையில் வேலை செய்தவன், உனக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவன். இரண்டு பேரும் விரும்பினார்கள். உன் அம்மா என்னிடம் வந்து சொன்னாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தபோதும் "பார்க்கலாம்" என்றேன். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு என்னைத் தலைவராக்கலாம் என்று பேச்சு இருந்தது. தலைவருக்குத்தான் பூசாரி முதல் பரிவட்டம் கட்டுவார். இருபது வருஷம் மண்டோராக இருந்து நாற்பது பேரை வேலை வாங்கியவனுக்கு, அந்தத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று ஆசை. சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் ஒருவன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னா மண்டோரே, பொண்ண மாதா கோயிலுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களாமே? அப்ப பரிவட்டத்த ஃபாதர்தான் கட்டுவாரு" என்றான். கடையே சிரித்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றைக்கே வீட்டில் வாயைத் திறந்து முடியாது என்று சொல்லியிருந்தால், உன் அம்மா அழுதிருப்பாள், அக்கா சண்டை போட்டிருப்பாள், நாலு சுவருக்குள் ஒரு வழி பிறந்திருக்கும். நான் சொல்லவில்லை. எனக்கு வீட்டில் சொன்னால் போதவில்லை. ஊர் அறியச் சொல்ல வேண்டியிருந்தது.

ஓலை வாசிக்கிற மூன்றாவது ஞாயிறு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நான் அந்த மாதா கோயிலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "சம்பந்தி வந்துட்டாரு, சம்பந்தி வந்துட்டாரு" என்று முன் பெஞ்சில் இடம் ஒதுக்கினார்கள். அந்தோணியின் அம்மா தன் முந்தானையால் பெஞ்சைத் துடைத்துவிட்டாள். உன் அம்மாவும் அக்காவும் எதிர்ப்பக்கம். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா மனது மாறி வந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தாள். ஃபாதர் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார். நான் எழுந்தேன். "தடை இருக்கு சாமி. பொண்ணப் பெத்தவன் நான். எனக்குச் சம்மதம் இல்ல. இது எங்களுக்கு மானக்கேடு" என்றேன். சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை. வெளியே நடந்துவிட்டேன்.

ஃபாதர் அக்காவிடம் பிறகு பேசியிருக்கிறார். சட்டப்படி தடுக்க அப்பனுக்கு அதிகாரம் இல்லை, உனக்கு விருப்பம் என்றால் நடத்தி வைக்கிறேன் என்றாராம். ஆனால் மானக்கேடு என்ற சொல் அந்தோணியின் அம்மா நெஞ்சில் தைத்துவிட்டது. இவ்வளவு பேர் முன்னால் எங்களைக் கேவலப்படுத்திய வீட்டில் பெண் எடுக்கமாட்டேன் என்று அவள் படுத்துவிட்டாள். அதோடு முடிந்தது. எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். ஒரு மணி நேரம் தலையில் இருந்தது. பின்னால் தோட்டத்தை விற்றார்கள், நாம் குடியிருந்த லயத்தை இடித்தார்கள், ஆள் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டோம். கடையில் சிரித்தவனும் செத்துப்போனான். பிறகு அக்காவுக்கு வந்த வரன் எதையும் அவள் ஏற்கவில்லை. கிளினிக்கில் வேலை பார்த்து, உன் அம்மாவைக் கடைசிவரை பார்த்து, இப்போது என்னைப் பார்க்கிறாள்.

உனக்கு என்ன சொன்னோம்? மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சொன்னோம். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான். விடுமுறைக்கு வந்த நீ, அக்காவை ஏமாற்றியவன் வாங்கித் தந்தது என்று அந்தப் பந்தைக் கத்தியால் கிழித்துச் சாக்கடையில் எறிந்தாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினாலு வயதுப் பையன் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டு அழுகிறான், சரியான ஆள் பத்தடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அக்கா உன்னைச் சமாதானப்படுத்தினாள். அப்போதும் அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்தோணியை அதற்குப் பிறகு ஒருமுறை குவாலா சிலாங்கூர் மீன் சந்தையில் பார்த்தேன். மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் கிட்டே வந்து, "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டு என் பையை வாங்கிப் பேருந்து நிற்கிற இடம்வரை தூக்கி வந்தான். அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவன் என்னை அடித்திருக்கலாம்.

இனி உன் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முன் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தோம். டாம் என் வலது பக்கம். அன்றைக்கும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தார். நரைத்த குட்டை முடியோடு அந்தப் பாதிரியம்மா உன் பெயரைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். உன் பெயரோடு ஒட்டிய என் பெயர் வந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அன்பான சிரிப்பு. பிறகு அந்தக் கேள்வி. மொழி புரியவில்லை, ஆனால் கேட்ட பிறகு ஒரு மௌனம் வருமே, அது எல்லாக் கோயிலிலும் ஒரே மாதிரி இருக்கிறது. அந்த மௌனத்தில் நான் எழுந்தேன்.

ஆசீர்வாதம் பண்ண இல்லை தம்பி. தடுக்கத்தான் எழுந்தேன்.

ரூத்தை எனக்குப் பிடிக்காமல் இல்லை. வந்த முதல் நாளே எனக்குச் சுடுதண்ணீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போன பெண். நீ திரும்பி வரமாட்டாய், எனக்குக் கொள்ளி வைக்க ஆள் இருக்காது என்ற பயம் இருந்தது. அதுகூட இல்லை காரணம். வேறு ஒன்று. நீ மாதா கோயிலில் கட்டிக்கொள்வது சரி என்றால், அக்கா கட்டிக்கொள்ள இருந்ததும் சரிதான். நான் செய்ததுதான் தப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக, மானத்துக்காகச் செய்தேன், எந்த அப்பனும் அப்படித்தான் செய்வான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டு வந்தேன். உன்னையும் தடுத்துவிட்டால் நான் ஒரே மாதிரி ஆள், கொள்கை உள்ள ஆள் என்று ஆகிவிடும். விட்டுவிட்டால் என் பெண்ணின் வாழ்க்கையைச் சும்மா கெடுத்தவன் என்று ஆகிவிடும். என் தப்பை ஒப்புக்கொள்வதைவிட உன் கல்யாணத்தை உடைப்பது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. இதைவிட அசிங்கமாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இருந்தால் அதையும் சொல்வேன்.

எழுந்துவிட்டேன். கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் தோட்டத்து ஆங்கிலம். யெஸ் சார், சோரி சார், அவ்வளவுதான். தமிழில்தான் சொல்ல முடியும். சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால் அதை அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே ஆள் நீ. உன் கல்யாணத்துக்குத் தடை என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டும். நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். என் குரல் அங்கே யாருக்கும் எட்டாத குரல். கை தானாகக் குவிந்தது. வேலையில் பிழை பிடிபட்டுக் கணக்கெழுதும் கிராணி முன்னால் நிற்கும்போது கும்பிடுவேனே, அந்தக் கும்பிடு அது. நீ அதை ஆசீர்வாதம் என்று அவர்களுக்குச் சொன்னாய். டாம் எழுந்தார். இது நம் வழக்கம் என்று நினைத்து, என்னைப் பார்த்துப் பார்த்து, தானும் கைகூப்பினார். பிறகு அந்தப் பெஞ்சே எழுந்தது. பாதிரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரில் திரும்பும்போது, "ஆசீர்வாதம் பண்ணத்தானேப்பா எழுந்தீங்க?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். அக்காவைக் கெடுத்தது "பார்க்கலாம்". உன்னை ஏமாற்றியது "ம்".

அதனால் ஒன்று தெரிந்துகொள். உன் கல்யாணம் நடந்தது என் நல்ல மனதால் இல்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாததால் நடந்தது.

இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இருந்தாலும் அப்பன், ஒன்று சொல்லிவிடுகிறேன். ரூத்திடம் எதற்கும் பார்க்கலாம் என்று சொல்லாதே. முடியாது என்றால் வீட்டிலேயே, அன்றைக்கே, முகத்துக்கு நேராக முடியாது என்று சொல். அவள் கோபப்பட்டால் படட்டும். அப்புறம், டாமிடம் இதைச் சொல்லும்போது, அவர் கும்பிட்டது பொய்யில்லை என்று சொல். அன்றைக்கு அந்த இடத்தில் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்தவர் அவர்தான். என்னைப் பார்த்துச் செய்தாலும் அவர் நிஜமாகச் செய்தார்.

எனக்கு ஆங்கிலம் தெரியாததால் நடந்தது என்று நான் சொன்ன இடத்திலேயே அக்கா பேனாவை வைத்துவிட்டாள். பிறகு எடுத்தாள், புத்தி சொன்னதையெல்லாம் எழுதி முடித்தாள். இப்போது மறுபடி நிறுத்திவிட்டாள்.

"அப்ப, அன்னிக்கு உங்களுக்குத் தமிழ் தெரியாம இருந்திருந்தா என் கல்யாணமும் நடந்திருக்கும். அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"நான் இத்தன வருஷமா என்ன நெனச்சேன் தெரியுமா? தம்பின்னா ஒரு மாதிரி, நான்னா ஒரு மாதிரின்னு நெனச்சேன். அந்த வீடியோவ பாத்தப்ப அதுதான் என்னைக் கொன்னுச்சு. அவனுக்கு எழுந்து கும்பிடுறாரு, எனக்கு எழுந்து மானக்கேடுன்னு சொன்னாருன்னு." கொஞ்சம் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதான்லா."

இதையும் எழுதச் சொன்னேன். எழுதினாள். பிறகு, "அக்காகிட்ட அப்பா மன்னிப்புக் கேட்டுட்டாருன்னு தம்பிக்கு எழுதும்மா" என்றேன்.

"எப்ப கேட்டீங்க?"

நான் தாளைக் காட்டினேன்.

"தம்பிக்குச் சொல்ல வேண்டியதத் தாள்ல சொல்லுங்க. எனக்குக் கேக்க வேண்டியத என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை இதில் போட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய் அடுப்பில் இருந்த மீன் குழம்பை இறக்கி வைத்தாள். துணியை எடுத்து மடித்தாள், எல்லாவற்றையும் மடித்தாள். வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"என்னம்மா சொல்ற?"

"இன்னும் இல்லப்பா."

"இன்னும் இல்லன்னா?"

"இன்னும் இல்லன்னா இன்னும் இல்ல. எனக்கு எப்ப வருதோ அப்ப சொல்றேன்."

சரி என்றேன். அதையும் தம்பிக்கு எழுது என்றேன். எழுதிவிட்டாள்.